மாடி மண்டியைத் தாங்கிப் பிடித்தவர்கள்

ஒரு வீட்டில் முதன்முதலாகப் படித்த ஆளாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. நாம் என்ன சொன்னாலும் நம்புவார்கள். மருந்துப் பாட்டிலில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்வதில் தொடங்கி, டி.வி. ரிமோட் ஏன் வேலை செய்யவில்லை என்பது வரை எங்கள் வீட்டில் கடைசித் தீர்ப்பு என்னுடையதுதான். (பேட்டரி தீர்ந்திருந்தது. "பாத்த ஒடனே சொல்லிருச்சு, படிச்ச பிள்ள" என்று அப்பா பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.) இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கொஞ்ச நாளில் நாமும் நம்மை நம்ப ஆரம்பித்துவிடுவோம்.

அப்படி என்னை நானே முழுசாக நம்பிக்கொண்டிருந்த காலத்தில்தான், ஒரு கட்டடத்தை ஏலக்காய் காயவைக்கும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

மதுரையில் கட்டடக்கலை படித்து முடித்துவிட்டு, போடியில் வீட்டில் இருந்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அப்பா ஜீப்பு ஓட்டுகிறார். விடிவதற்குள் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறிப் போவார், சாயங்காலம் திரும்ப இறக்கிக் கொண்டுவருவார். அம்மாவும் அதே ஜீப்பில் போய் ஏலக்காய் எடுக்கிறவர். நான் படித்தது என்ன படிப்பு என்பது இருவருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. "வீடு கட்டுற டாக்டரு" என்று அப்பா ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். நான் திருத்தவில்லை. (கேட்க நன்றாகத்தானே இருந்தது?)

என்னை நம்பாத ஒரே ஆள் அம்மாவின் தம்பி, சுருளி மாமா.

"ஏக்கா, அஞ்சு வருசம் படிச்சிட்டு வந்து நடுவீட்டுல அட்டைய வெட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. இதுக்கு எதுக்குப் பட்டணத்துப் படிப்பு? ராசிங்காபுரத்துல தென்னந்தோப்போட ஒரு மாப்ள கெடக்கான். தை மாசம் முடிச்சிருவோம்" என்று வரும்போதெல்லாம் ஆரம்பிப்பார்.

நான் அட்டை வெட்டிக்கொண்டிருந்தது உண்மை. அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு காலத்தில் நின்று, பிறகு இல்லாமல் போன பழைய கட்டடங்களைச் சின்ன அளவில் செய்து கண்காட்சி வைப்பதென்று எங்கள் பகுதியில் நாலைந்து பேர் கிளம்பியிருந்தார்கள். என் பங்குக்கு வந்தது மாடி மண்டி. கீழே ஏலக்காய் ரகம் பிரிக்கிற நீளக் கூடம், மேலே மூட்டை அடுக்கும் அறைகள், வாசலுக்கு மேல் மரத் தாழ்வாரம், உள்ளே ஓர் இரும்புச் சுருள்படி. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே இடித்துவிட்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன.

கண்காட்சியைத் திறந்துவைக்க மதுரையிலிருந்து ஒரு மேடம் வருவதாக இருந்தது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து நிறுத்துவதில் பேர் வாங்கியவர். அவர் அலுவலகத்துக்குத்தான் நான் வேலை கேட்டு எழுதியிருந்தேன். போனில் அவர் சொன்னது ஒரே வரி: "போடிக்கு வர்றேன்ல, உன் மாடலைப் பாத்துட்டுச் சொல்றேன்மா."

இது மாமா காதுக்கும் போனது. கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். "சரி. அந்தம்மா எடுத்துக்கிட்டா போகட்டும். எடுக்கலைன்னா தை மாசம் கல்யாணம். அப்புறம் யாரும் பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டோம் மாப்ளே" என்று அப்பா உடனே ஒத்துக்கொண்டார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மாடி மண்டிக்குக் கிடைத்தது ஒரே ஒரு புகைப்படம். அதுவும் யாரோ ஒருவருடைய கல்யாண ஊர்வலப் படம், மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் பாதிக் கட்டடம். மீதியை நான்தான் தேடிப் பிடித்தேன். கார் நிறுத்துமிடத்தில் பழைய அடித்தளத்தின் கல்வரிசை இன்னும் தெரியும். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு கார்களுக்கு அடியில் நான் ஊர்ந்து அளந்தபோது காவலாளி என்னை டயர் திருட வந்தவள் என்று துரத்தினார். அம்மா சின்ன வயதில் அந்த மண்டியில் காய் ரகம் பிரித்தவர், மாமா மூட்டை தூக்கியவர். ஆகவே உள்ளே எது எங்கே என்று இருவரையும் கேட்டேன். இருவரும் சுருள்படியை ஆளுக்கொரு மூலையில் வைத்தார்கள். கடைசியில் பழைய தரைக் காரையில், படியின் இரும்புத் தூண் இறங்கியிருந்த துளையைக் கண்டுபிடித்து அம்மா சொன்னதே சரி என்று அறிவித்தேன். மாமா ஒரு வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஃபோம் போர்டில் சுவர், ஐஸ் குச்சியில் தாழ்வாரம், கம்பியைச் சுற்றிச் சுருள்படி. எல்லாவற்றையும் க்ளூ கன்னால் ஒட்டினேன். அது ஒரு துப்பாக்கி மாதிரி இருக்கும். பசைக் குச்சியைச் சூட்டில் இளக்கி வெளியே தள்ளும், ஆறினால் இறுகிவிடும். கூரையை மூடிவிட்டால் யார் கண்ணுக்கும் படாது என்று தெரிந்தும் உள்ளே ரகம் பிரிக்கிற மேசைகளைக்கூட வரிசையாகப் போட்டேன். சுண்ணாம்புச் சுவர் போலத் தெரிய வேண்டும் என்று கடைசியாக மேலே பட்டி பூசினேன்.

பூசிய அன்றைக்குப் பிடித்தது ஐப்பசி மழை. பட்டி காயவே இல்லை. தொட்டால் தயிர் போல விரலோடு வந்தது. கண்காட்சிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மாடி மண்டிக்கு முன்னால் உட்கார்ந்து விசிறியால் வீசிக்கொண்டிருந்தேன்.

"நம்ம தோட்டத்து ஸ்டோர்ல வச்சிருவமா?" என்றார் அம்மா.

ஸ்டோர் என்றால் பறித்த பச்சைக் காயைக் காயவைக்கிற கட்டடம். அடுப்பு எரித்து அறை முழுவதும் சூடு ஏற்றிவிடுவார்கள். காய் மறுநாள் கலகலவென்று வெளியே வரும். மழைக்காலத்தில் அம்மாவும் அவர் கூட்டாளிகளும் நனைந்த சேலையை அங்கேதான் காயப்போடுவார்கள். அப்பா ஒருமுறை ஜீப்பு சீட்டையே கழற்றிக் காயவைத்து எடுத்து வந்திருக்கிறார்.

நான் கண்ணை மூடி யோசித்தேன். ஈரம் போக வேண்டும். சூடு ஈரத்தைப் போக்கும். ஸ்டோரில் சூடு இருக்கிறது. "அறிவியல்படி சரிதான்" என்றேன். (பசையைச் சூட்டில் இளக்கி இளக்கித்தான் இந்த இரண்டு மாதமும் ஒட்டினேன் என்பது அந்த அறிவியலுக்குள் வரவில்லை.)

சனிக்கிழமை காலை மாடி மண்டி ஜீப்பில் மலையேறியது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற மலையாளத்துச் சேட்டன் காய்த் தட்டுகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். "ஒண்ணும் பேடிக்கண்டா மோளே, நாளைக்கு முறுக்கு மாதிரி எடுத்துக்கோ" என்று அவரும் தைரியம் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் கண்காட்சி; மதியமே அப்பாவோடு போய்க் கதவைத் திறந்தேன். சூட்டோடு ஏலக்காய் வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே மாடி மண்டி வெள்ளை வெளேரென்று நின்றது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. அப்பா கும்பிட்டே விட்டார். நான் அடிப்பலகைக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கினேன்.

அது இடிந்து விழவில்லை. விழுந்திருந்தால்கூட ஒரு கௌரவம் இருந்திருக்கும். நாலு சுவர்களும் தூக்கத்திலிருந்து எழுந்து சோம்பல் முறிப்பதைப் போல மெதுவாக வெளிப்பக்கம் சாய்ந்தன. கூரை நடுவில் இறங்கி உட்கார்ந்தது. தாழ்வாரம் ஒரு நூல் பசையில் ஊஞ்சலாடியது. ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து ஏலக்காய் ஒன்று உருண்டு வந்தது.

அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "இது இப்படித்தான் இருக்கணுமா ஆத்தா?"

அரை நாள் வேலை முடிந்து இறங்குவதற்காகப் பெண்கள் ஜீப்பில் ஏறியிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அம்மாவோடு மாடி மண்டியில் காய் பிரித்தவர்கள். அழுதுகொண்டே வந்த என்னைப் பார்த்ததும் அம்மாவின் கூட்டாளி பேச்சியம்மா அத்தை, "ஏன்டி மூக்கச் சிந்துற? ஆளுக்கொரு செவுத்தப் புடிச்சா கீழ போய்ச் சேந்துரும். கொண்டா இங்கிட்டு" என்றார். அடிப்பலகை அம்மா மடிக்குப் போனது. கூரை ஒருத்தர் கையில், முன்சுவர் ஒருத்தர் கையில், தாழ்வாரம் பேச்சியம்மா அத்தையிடம்.

"ஏண்ணே, பாத்து வளைச்சு ஓட்டுங்க. மண்டி எங்க கையில இருக்கு!"

"இந்தா பாரு, இந்த மூணாவது ஜன்னல்தான நம்ம உக்காருற எடம்?"

"எடமா? நீ எங்கடி உக்காந்த? வெத்தல போடவே எந்திரிச்சுப் போயிருவ."

கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கட்டடம் ஒரு பக்கமும் பெண்கள் இன்னொரு பக்கமுமாகச் சாய்ந்தார்கள். கீழே வந்து சேர்வதற்குள் சூடு ஆறி, பசை கோணலான இடங்களில் எல்லாம் நன்றாக இறுகிவிட்டிருந்தது. கண்காட்சி நடக்கிற மண்டபத்தில் வைத்துத் திரும்ப ஒட்டிவிடலாம் என்று வீட்டிலிருந்து க்ளூ கன்னை எடுத்துக்கொண்டு ஓடினேன். மழையில் கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டர் மைக்குக்கும் நாலு லைட்டுக்கும் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் மேடத்தின் கார் வந்து நின்றது.

வேறு வழியில்லை. மேசையைச் சுற்றித் தோட்டத்துப் பெண்கள் நின்று ஆளுக்கொரு பாகத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். தூரத்திலிருந்து பார்க்க ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து வெள்ளை வேட்டி சட்டையில் சுருளி மாமா உள்ளே வந்தார். நேராக எங்களிடம் வந்து சிரிக்க வாயைத் திறந்தார். பேச்சியம்மா அத்தைக்குத் தும்மல் வந்தது. தாழ்வாரம் நழுவியது.

"தம்பி, வெரசா புடிரா!" என்று கத்தினார் அம்மா.

மாமா இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான் தெரிந்தது, பக்கத்துச் சுவரும் அவர் கையில்தான் நிற்கிறது என்று. பேச்சியம்மா அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். திரும்ப வரவேயில்லை.

மேடம் ஒவ்வொரு மாடலாகப் பார்த்துக்கொண்டு எங்களிடம் வந்தார். போட்டோக்காரர், "எல்லாரும் கையை எடுங்கம்மா, கட்டடம் தெரியட்டும்" என்றார்.

"எடுத்தா கையோட கட்டடமே வந்துரும்யா" என்றார் அம்மா.

மேடம் என்னைப் பார்த்தார். "என்ன பசைம்மா?"

"க்ளூ கன், மேடம்."

"எங்க காய வச்சே?"

"ஏலக்காய் ஸ்டோர்ல, மேடம்."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர், சுவர்கள் விலகிய இடைவெளியில் குனிந்து உள்ளே பார்த்தார். சிரிப்பு நின்றது. சுருள்படியைப் பார்த்தார். மேசை வரிசையைப் பார்த்தார். இந்த அளவெல்லாம் எங்கே கிடைத்தது என்று கேட்டார். கல்வரிசை, கார்கள், காவலாளி, இரும்புத் துளை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஒட்டுறது உனக்குச் சுத்தமா வரலை. அளக்குறது நல்லா வருது. அளக்குற சோலிக்கு எனக்கு ஆள் வேணும்" என்றார். பிறகு தாழ்வாரத்தைத் தாங்கி, வியர்த்துப்போய், தலை கலைந்து நின்றவரிடம் திரும்பினார். "நீங்க யாருங்க?"

"பொண்ணுக்குத் தாய்மாமன்ங்க."

"மதுரைக்கு அனுப்புவீங்கள்ல?"

மாமா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மூக்கின் மேல் உட்கார்ந்த ஈயைப் பார்த்தார். விரட்டக் கை இல்லை.

"மொதல்ல யாராச்சும் வந்து இதப் புடிங்கம்மா. மதுரைக்கென்ன, எங்க வேணாலும் அனுப்புறேன்!"

"எல்லாரும் கேட்டுக்கங்க, அப்புறம் பேச்சு மாறக் கூடாது மாப்ளே" என்றார் அப்பா. அதற்குப் பிறகுதான் அவசரமில்லாமல் நடந்து வந்து தாழ்வாரத்தை வாங்கிக்கொண்டார்.

இப்போது மதுரையில் இருக்கிறேன். இடிக்கப் போகிற கட்டடம் என்றால் அதற்கு முன்னால் நாடாவோடு போய் நிற்பது என் வேலை. அலுவலகத்தில் பசையை மட்டும் எனக்கு எட்டாத அலமாரியில் வைக்கிறார்கள்.

சமீபத்தில், நான் அளந்து வரைந்த ஒரு பழைய வீட்டைப் பழுதுபார்த்து நிமிர்த்தி முடித்தோம். என் படிப்புக்குப் பிறகு முதன்முதலாக நிஜக் கல்லிலும் நிஜச் சுண்ணாம்பிலும் நிற்கிற கட்டடம். பெருமை தாங்காமல் அங்கே நின்றபடியே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நல்லா நிக்குதா?" என்றார் அம்மா.

"சூப்பரா நிக்குதும்மா."

"யாரு புடிச்சிக்கிட்டிருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மாமாவின் குரல் பதறிக்கொண்டு கேட்டது: "யக்கா, நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிரு!"