மேகம் சாரும் தாமத அபராதமும்

பினாங்குத் தீவில் மேகம் சாரைப் போல வானிலையைத் தப்பாகச் சொன்ன மனிதர் இன்னொருவர் பிறந்திருக்க முடியாது. இத்தனைக்கும் எங்கள் கல்லூரியில் இருபத்தெட்டு வருஷம் வானிலையைப் பாடமாக நடத்தியவர். அவர் "இன்னிக்கு வெயில்" என்றால் காவலாளி முதல் டீன் வரை குடையோடு வருவோம். "மழை வரும்" என்றால் கேண்டீன் அக்கா மொட்டை மாடியில் மிளகாயைக் காயப் போடுவார். அந்த மிளகாய் ஒரு நாளும் நனைந்ததில்லை.

ஜெலுத்தோங் ஃபிளாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். சிக்னலில் பச்சை விழுந்தாலும் வண்டி நகராது, ஏனென்றால் சார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் நிற்கிற எல்லா வண்டியும் ஹாரன் அடிக்கும். தெரிந்தவர்கள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, திரும்பிச் சிரித்துக் கையசைப்பார்.

அவருக்கு அசல் பெயர் ஒன்று இருந்தது. அவர் அறைக் கதவில் பழுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் செதுக்கி, நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மாணவர்களுக்கும் சரி, சம்பளப் பிரிவு கிளார்க்குக்கும் சரி, அவர் மேகம் சார்தான்.

நான் மட்டும் அந்தப் பலகையைத் தினமும் பார்ப்பேன். பொறாமைதான், வேறென்ன. எங்கள் தாழ்வாரத்தில் இரண்டு ஜாதிக் கதவுகள் இருந்தன. நிரந்தர ஊழியர்களின் கதவில் ஸ்க்ரூ போட்ட பலகை. என்னைப் போல வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறவர்களின் கதவில் ஒரு தாளில் பெயரை அச்சடித்து செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கும். மழைக்காலத்தில் டேப் விட்டுவிடும். காலையில் வந்து தரையில் கிடக்கும் என் பெயரை எடுத்துத் தூசி தட்டி மறுபடி ஒட்டுவேன். இப்படியே ஒன்பது வருஷம் ஒட்டினேன்.

எங்கள் ஊழியர் சங்கம் அந்த முறை கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு விதியைக் கேட்டது. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அந்த விதி. எனக்கு மட்டுமில்லை, கல்லூரி முழுக்க இருந்த செல்லோடேப் ஆட்களுக்கெல்லாம் அதுதான் உயிர்.

ஆனால் விரிவுரையாளர்களைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்புவதில் ஒரு தொல்லை உண்டு. எங்களுக்கு ஐம்பது நிமிஷத்துக்குக் குறைவாகப் பேச வராது. அதற்கு முந்தைய முறை போன குழுவில் சட்டத்துறைக்காரர் ஒருவர் முன்னுரையை மட்டும் மூன்று கூட்டம் பேசினார். நிர்வாகம் விட்டுக்கொடுக்க நினைத்திருந்தாலும் அதைச் சொல்ல அவர்களுக்கு இடைவெளி கிடைக்கவில்லை. அதனால் இந்த முறை பொதுக்கூட்டத்தில், அதிகம் பேசாத ஆள் யார் என்று தேடினோம். எல்லாத் தலையும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் பக்கம் திரும்பியது.

"சார், நீங்க போறீங்களா?"

"எங்க?"

"மேனேஜ்மெண்டோட பேசறதுக்கு."

மேகம் சார் கொஞ்சம் யோசித்தார். "அந்த ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. ஏழாம் மாடியில், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கீழே கடல். பட்டர்வொர்த் பக்கம் போகிற ஃபெர்ரி எந்த அவசரமும் இல்லாமல் நகர்ந்துகொண்டிருக்கும். அக்கரை மலை நீலமாக, இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் தெரியும். பிற்பகலானால் அந்த மலையிலிருந்து மேகங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக் கடலின் மேல் நடந்து வரும். அவற்றின் நிழல் தண்ணீரில் விழுந்து கூடவே நகரும். அந்த அறையில் உட்கார்ந்தால் எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோகும். எங்கள் தரப்பில் மேகம் சார், அவருக்குத் துணையாகத் தாதியர் பிரிவு டாக்டர் ஜைத்தோன், குறிப்பெடுக்க நான். எதிர்ப்பக்கம் மனிதவளப் பிரிவுத் தலைவர் மிசஸ் லிம், இரண்டு உதவியாளர்களோடு. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் சொல்கிறேன்.

முதல் கூட்டத்திலேயே மிசஸ் லிம் கறாராகச் சொன்னார்.

"அஞ்சு வருஷம் முடியாது. பத்து வருஷம் வேலை செஞ்சிருந்தாதான் நிரந்தரம்."

எனக்கு ஒன்பது. என் பேனா அப்படியே நின்றது. டாக்டர் ஜைத்தோன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மேகம் சாரைப் பார்த்தார். மேகம் சார் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. கடைசியில் மிசஸ் லிம்மும் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"அந்த வெள்ளை மேகம். இப்ப கலைஞ்சிடும் பாருங்க."

அது கலையவில்லை. மெல்ல மெல்ல உயர்ந்து, ஓரங்களில் வெளிச்சம் ஏறி, கோபுரம் மாதிரி எழும்பிக்கொண்டே போனது. உதவியாளர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் ஆறு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அத்தனை வருஷத்தில் நிர்வாகமும் சங்கமும் ஒரே பக்கம் பார்த்தது அன்றைக்குத்தான். கூட்டக் குறிப்பில் நடந்ததை நடந்தபடி எழுதுவது என் வேலை. "2.40 முதல் 2.55 வரை மேகம் பார்க்கப்பட்டது" என்று எழுதினேன். ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பிலும் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும், போட்டபின் மறுக்க முடியாது என்பது ஏற்பாடு. மிசஸ் லிம் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்ததாக நிர்வாகம், பத்து வருஷம் ஏன் என்பதை எழுதிக் கொடுத்தது. மேகம் சார் அதை மாணவர்களின் பரீட்சைத் தாள்களோடு சேர்த்துப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார். மறு வாரம் அது திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் சிவப்பு மை. "வாதம் பலவீனம். ஆதாரம் எங்கே? 42/100. திருத்தி மறுபடி ஒப்படைக்கவும்." வேண்டுமென்று செய்ததில்லை, கைப்பழக்கம். மிசஸ் லிம்மின் முகம் அந்த மையின் நிறத்துக்கு வந்தது. ஆனால் பள்ளியில் நன்றாகப் படித்த பெண் போலிருக்கிறது, நாற்பத்திரண்டை அவரால் தாங்க முடியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அட்டவணையெல்லாம் போட்டுத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தார். சார் ஐம்பத்தெட்டு போட்டார்.

"ஆடோய்!" என்று டாக்டர் ஜைத்தோன் லிஃப்டில் தலையில் அடித்துக்கொண்டார். "நம்மள எதிர்த்து எப்படி எழுதறதுன்னு அவங்களுக்கு நீங்களே டியூஷன் எடுக்கறீங்களே!"

"முன்னேற்றம் தெரியுதுலா," என்றார் மேகம் சார், மனதாரச் சந்தோஷப்பட்டு.

இப்படியாக இறுதிப் பதிலுக்குக் கெடு வைத்த நாள் நெருங்கியது. அது ஒரு திங்கட்கிழமை. அதே வாரம் வெள்ளிக்கிழமை என் ஒப்பந்தம் முடிகிறது. இந்த முறை புதுப்பிப்பு கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. கெடுவுக்கு முந்தைய கூட்டத்தில் மிசஸ் லிம், கல்லூரித் தலைவர் வெளிநாட்டில் இருப்பதால் இன்னும் சில நாள் வேண்டும் என்றார். நான் மேசைக்கடியில் சாரின் காலை உதைத்தேன். அவர் காலை நகர்த்தி வைத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருஷமாக எந்த மாணவன் அவகாசம் கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர்.

"எடுத்துக்குங்க. லேட் சப்மிஷன் ரூல்தான் இருக்கே, அப்புறம் என்ன? அதையும் எழுதிக்கம்மா."

மேசை முழுக்கச் சிரிப்பு. மாணவர்கள் கட்டுரையைத் தாமதமாகக் கொடுத்தால் ஒரு நாளைக்கு ஐந்து சதவீதம் கழிக்க வேண்டும் என்பது கல்லூரி விதி. இரக்கப்பட்டுக் கழிக்காமல் விடுகிற விரிவுரையாளருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்று சுற்றறிக்கை விட்டதே மிசஸ் லிம்தான். அவரும் சிரித்துக்கொண்டே குறிப்பில் கையெழுத்துப் போட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

"சார், வெள்ளிக்கிழமையோட எனக்கு எல்லாம் முடிஞ்சிடும். அப்புறம் நான் காலேஜ் கேட்டுக்குள்ளயே வர முடியாதுலா," என்றேன் வெளியே வந்ததும்.

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா டைம் கொடுத்தீங்க?"

"கேட்டாங்களேம்மா," என்றார்.

அந்த வாரம் அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை நல்ல மழை. சார் அன்றைக்கு வெயில் என்று சொல்லியிருந்தார். என் பெயர் கதவிலிருந்து பாதி உரிந்து தொங்கியது. மேகம் சார் அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். ஆறுதலாக ஏதாவது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"காத்துல ஈரம் அதிகம். இந்த டேப் நிக்காது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூடினோம். மிசஸ் லிம் கோப்பைத் திறந்து, "இறுதிப் பதில். பத்து வருஷம்," என்று படித்தார். எனக்குக் கண்ணை மறைத்தது. கண்ணாடிக்கு அப்பால் கடலும் ஃபெர்ரியும் மலையும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன.

மேகம் சார் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார்.

"திங்கட்கிழமை கெடு. இன்னிக்கு வெள்ளி. நாலு நாள் லேட். ஒரு நாளைக்கு அஞ்சு பெர்சன்ட், மொத்தம் இருபது பெர்சன்ட் கழியும். பத்துல இருபது பெர்சன்ட் போனா எட்டு," என்றார். "எட்டு வருஷம்."

உதவியாளர் ஒருவர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"அது ஸ்டூடண்ட்ஸ் அசைன்மெண்டுக்கு!" என்றார் மிசஸ் லிம்.

"லேட் சப்மிஷன் ரூல் உண்டுன்னு குறிப்புல இருக்கு, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இதோ உங்க சர்குலர். யாருக்கும் விலக்கு இல்லைன்னு போட்டிருக்கு. நான் கழிக்காம விட்டா எனக்கு லெட்டர் வருமே."

மிசஸ் லிம் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார், விளையாடுகிறாரா என்று. சார் விளையாடவில்லை. அந்தக் கடிதத்துக்கு அவர் உண்மையாகவே பயந்த மாதிரிதான் இருந்தது. பிறகு அவர் வழக்கம்போல வெளியே திரும்பிவிட்டார். அக்கரையில் ஒரு சாம்பல் மேகம் மலையை மெதுவாகப் போர்த்திக்கொண்டிருந்தது.

"இன்னும் இருபது நிமிஷத்துல பெரிய மழை. அதுக்குள்ள முடிச்சிட்டா எல்லாரும் நனையாம காருக்குப் போயிடலாம்," என்றார்.

மிசஸ் லிம் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எட்டு வருஷத்தைத் தாண்டிய செல்லோடேப் ஆட்கள் கல்லூரியில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அதற்காக வழக்கு வரை போகத் தலைவருக்கு மனமில்லையோ என்னவோ. திரும்பி வந்து உட்கார்ந்து, பத்தை அடித்து எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளை நகர்த்திவிட்டு, "இப்ப எவ்வளவு மார்க்?" என்று கேட்டார்.

"பாஸ்," என்றார் மேகம் சார். டாக்டர் ஜைத்தோன் என் கையைப் பிடித்து நசுக்கியதில் இரண்டு நாள் பேனா பிடிக்க முடியவில்லை. மழை பெய்யவே இல்லை.

அவகாசம் கொடுத்தபோதே கணக்குப் போட்டுத்தான் கொடுத்தாரா என்று பிறகு பல தடவை கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வானத்தில் எதையாவது காட்டி என்னையும் பார்க்க வைத்துவிடுவார்.

அந்தப் பருவ முடிவில் அவர் ஓய்வு பெற்றார். புதுப் பெயர்ப்பலகைக்கு நான் விண்ணப்பம் போட்டதில் ஆறு மாதம் ஆகும் என்று பதில் வந்திருந்தது. அவருடைய கடைசி நாளில் வகுப்பு முடிந்து வந்தால், மேகம் சார் ஸ்க்ரூ டிரைவரோடு என் கதவில் குனிந்திருக்கிறார். பழுப்புப் பலகை. வெள்ளை எழுத்தில் என் பெயர்.

"சார், எப்படி அதுக்குள்ள?"

"ஜெலுத்தோங்ல ஒரு கடை இருக்கு. என் பலகையைக் கழட்டிட்டுப் போய், பின்பக்கம் உன் பேரைப் போட்டு வாங்கிட்டேன். எனக்கு இனிமே எதுக்கும்மா?" நான்காவது ஸ்க்ரூவை இறுக்கி, பலகையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "இது ஈரத்துக்கு விழாது."

இன்றைக்கும் காலையில் வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து செய்தி வரும், "இன்னிக்கு நல்ல வெயில்மா" என்று. நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். அறைக்கு வந்ததும், கதவைத் திறக்குமுன் பலகையை ஒரு தடவை தொட்டுக்கொள்வேன். முன்பக்கம் என் பெயர். பின்பக்கம், கதவோடு ஒட்டியபடி, யாருமே படிக்காத அவர் பெயர். எனக்கு அது மனப்பாடம்.