கொல்லையில் கிடைத்த முகம்

சாயல்காரர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். பிறந்து மூன்றே நாளான குழந்தையை, அது கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காத நேரத்தில், குனிந்து பார்த்து, மூக்கு தகப்பன் வழி, நெற்றி தாய்மாமன், அழுகை மட்டும் பெரியத்தை என்று பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் காப்பி டம்ளரைத் தொடுவார். குழந்தைக்கென்று சொந்தமாக ஏதாவது மிஞ்சுமா? மிஞ்சாது.

காரைக்காலில் அந்தப் பொறுப்பு லூர்துநாதனிடம் இருந்தது. பத்திரம் எழுதி ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானம், கல்யாணம், துக்கம் எதுவானாலும் அவருடைய தீர்ப்பு உண்டு. ஊர் முகங்களையெல்லாம் வகைப்படுத்திய அவருக்கு ஒரு குறை இருந்தது. தம்முடைய மூக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அப்பாவிடமும் தாத்தாவிடமும் அது இல்லை; பூட்டனாருக்கோ படமும் இல்லை, கல்லறையும் இல்லை.

எண்பத்து நாலில் அவர் வீட்டுக் கொல்லையில் கக்கூஸ் தொட்டிக்குக் குழி வெட்டினார்கள். ஒரு மண்டை ஓடு வந்தது. போலீஸ் வந்தது. டாக்டர் வந்து, "நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, கேஸ் ஒண்ணும் இல்ல" என்றார். லூர்துநாதன் அடுப்படிக்கு ஓடினார்.

"சகாயம், பூட்டனாரு கெடச்சிட்டாரு."

"மொதல்ல தொட்டி எங்க வெட்றதுன்னு சொல்லுங்க," என்றார் மனைவி சகாயம்மாள்.

விஷயம் கேள்விப்பட்டுப் புதுச்சேரியிலிருந்து சோமசேகரன் போலீஸ் அனுமதியோடு வந்தார். சிற்ப ஆசிரியர். மண்டை ஓட்டை அச்செடுத்து, எங்கெங்கே எவ்வளவு சதை இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துத் தீக்குச்சித் துண்டுகளை ஒட்டி, அந்த உயரத்துக்குக் களிமண் அப்பி, போன முகத்தைத் திரும்பக் கொண்டுவருகிறவர். லூர்துநாதன் கூடத்தையே ஒழித்துக் கொடுத்தார். கூடவே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, மூக்கு இன்னும் கொஞ்சம் எடுப்பா இருக்கணும். இந்தா, எம்மூக்கப் பாருங்க."

"எலும்பு சொல்ற மூக்கத்தாங்க வைக்க முடியும்."

"எலும்புக்கு என்ன தெரியும்?"

பத்தாம் நாள் சோமசேகரன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஐயா, தாடை, புருவ மேடு எல்லாம் பாத்துட்டேன். இது பொம்பளைங்க."

லூர்துநாதன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. இத்தனை வருஷம் தேடிய ஒருவர் கைக்கு வந்து நழுவியது நிஜமாகவே வலித்தது. ஆனால் சாயல்காரர் எவ்வளவு நேரம் துக்கத்தில் இருப்பார்? சாயங்காலம் எழுந்து வந்தார். "அப்ப இது பூட்டியம்மா. அந்த மூக்கு அங்கேர்ந்துதான் வந்திருக்கு."

வேலை முடிந்ததும் தெருவே பார்க்க வந்தது. ஈரத்துணியை எடுத்ததும் எல்லாரும் கிட்டே நெருங்கினார்கள். அடுத்த வீட்டு முத்து முகம்மதுதான் வாயைத் திறந்தார்.

"என்னங்க இது, நம்ம சகாயம்மா அக்கா மாதிரியில்ல இருக்கு."

"எங்க வம்சத்து முகத்துல அவ எங்கேர்ந்து வருவா? அவ ஊரு வரிச்சிக்குடி," என்றார் லூர்துநாதன்.

சோமசேகரன் கைக்களிமண்ணைத் துடைத்துக்கொண்டார். "உதடு, காது, கண் ரெப்பை இதெல்லாம் எலும்புல இருக்காதுங்க. இந்தப் பக்கத்துப் பொம்பளை முகம் ஒண்ணு வேணும். தெனமும் காப்பி கொண்டாந்த அம்மா முகந்தான் எதிர்ல இருந்துச்சு. முழுக்கவா எடுத்தேன், கொஞ்சந்தான்."

கூடம் சிரித்தது. லூர்துநாதன் மட்டும் சிரிக்கவில்லை. களிமண்ணைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி களிமண்ணைப் பார்த்தார். பிறகு கிட்டே போய், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ரொம்ப நேரம் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒனக்கு ஒதட்டோரத்துல இந்தக் குழி எப்ப விழுந்துச்சு?"

"பொண்ணு பாக்க வந்தப்பவே இருந்துச்சு," என்றார் சகாயம்மாள். "நீங்க அன்னிக்கு எங்க அப்பாரு மூக்கப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

வாசகரே, நீங்கள் சிரிக்கலாம். போன மாதம் ஒரு தொட்டிலில் குனிந்து, "அப்படியே பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வந்தவர் நீங்கள் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இன்று காலை உங்களுக்குத் தட்டு வைத்த முகத்தில் மச்சம் வலப்பக்கமா, இடப்பக்கமா? அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காமல் சொல்லுங்கள்.