யாரும் அமுக்காத பொத்தான்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் கொடுத்துவைக்காதவன். தானாகவே கணினி நிரல் எழுதும் நிரலைக் கண்ணால் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தப் பாக்கியம் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு விளையாட்டு நிறுவனத்துக்கே வாய்த்தது.

நாற்பது வருடத்துக்கு முந்தைய வீடியோ கேம் பெட்டிகளுக்குப் புது ஆட்டங்கள் செய்து விற்பது அவர்கள் தொழில். அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி சொற்பம். இயந்திர மொழியில் நாலு வரி கூடினாலும் மூச்சு வாங்கும். ஆகவே 'மகா சுருக்கி' என்ற நிரல் அவதரித்தது. ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, எந்த வரி உழைக்கிறது, எந்த வரி தண்டச்சோறு தின்கிறது என்று கண்டுபிடிக்கும். தண்டங்களைக் கழித்துவிட்டு மீதியைத் தானே திருத்தி எழுதிவிடும். இந்தப் பெருமையை இயக்குநர் எல்லாக் கூட்டத்திலும் சொன்னார். லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவரிடமும் சொன்னார்.

ஆட்டங்களை ஆடிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்று அங்கே ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் அவளைக் 'கட்டைவிரல்' என்றே கூப்பிட்டார்கள். பல வருடமாகத் தற்காலிக ஊழியர். அவ்வப்போது வேலையை விட்டு அனுப்பி, மறுநாளே 'புதியவர்' என்று பூச்செண்டு கொடுத்து வரவேற்பார்கள். இப்போது தயாராகிற ஆட்டம் வெளிவந்தால் நிரந்தரம் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் அதைக் கணவனிடம் சொன்னாள். அவன் சும்மா இருப்பானா? சொந்தபந்தம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டான்.

சுருக்கி அந்த ஆட்டத்தை ஓட்டி ஓட்டி அளந்த அளவெடுப்பு வாரத்தில், தலைமை நிரல் வல்லுநர் அவளுக்குப் போட்டது ஒரே உத்தரவு. "பொத்தான் பக்கமே போகாதம்மா. நீ அமுக்கினா வேகம் குறையுது." அவளும் கையைக் கட்டிக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

சுருக்கி வேலையை முடித்தது. வேகம் இரண்டு மடங்கு! கைதட்டல் அடங்கியதும் அவளை ஆடிப் பார்க்கச் சொன்னார்கள்.

"சார், வீரன் நகர மாட்டேங்கிறான்."

"எவ்வளவு கம்பீரமா நிக்கிறான் பாரு!" என்றார் இயக்குநர்.

"தாவச் சொன்னா தாவல, சுடச் சொன்னா சுடல. எந்தப் பொத்தானும் வேலை செய்யல சார்."

தலைமை வல்லுநர் எட்டிப் பார்த்துப் பரவசமானார். "அடடா! அத்தனை தடவை ஓட்டினோம், ஒரு தடவைகூட யாரும் பொத்தானை அமுக்கல. அப்போ பொத்தானைக் கவனிக்கிற வரியெல்லாம் தண்டம்தானே? மொத்தமாத் தூக்கிடுச்சு!"

"அமுக்காதேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க!"

"அது அளக்குறதுக்காகச் சொன்னது. இது அறிவியல்."

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "தோக்கவே முடியாத ஆட்டம்மா இது. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் நிரந்தர உத்தரவு தயாரா இருக்கு, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

ஒரு வார்த்தைதான். வீட்டில் இனிப்பு வாங்கி வைத்துக் காத்திருப்பான் மனுஷன். ஆனால் திரையில் அந்த வீரன் அசையாமல் நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்கினவன் பெட்டியைக் கொண்டுவந்து நம்ம தலையிலதான் போடுவான். நல்லா இல்ல சார். சுத்தமா நல்லா இல்ல."

இயக்குநர் கோபப்படவில்லை. நாகரிகமானவர். "உன் கருத்தை மதிக்கிறோம். எதுக்கும் நடுநிலையா சுருக்கியையே கேட்டுடுவோம்" என்று, அளவெடுப்பு வாரத்தில் அலுவலகத்தில் யார் யார் என்ன செய்தார்கள் என்ற விவரத்தை அதற்கு ஊட்டினார். அது கண்மூடித் திறப்பதற்குள் பதில் சொன்னது: "கட்டைவிரல்: வாரம் முழுக்க ஒரு பொத்தானையும் அமுக்கவில்லை. தண்டம். நீக்கலாம்."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கண் கலங்கியது, வாய் கலங்கவில்லை.

"அந்த வாரம் நீங்களும்தான் கூட்டம் போட்டதைத் தவிர ஒண்ணும் செய்யல. உங்க பேரு எப்படி சார் வரல?"

குழந்தையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார் இயக்குநர். "எங்களைத் தொடக் கூடாதுன்னு சுருக்கியோட முதல் வரியிலயே எழுதி வச்சிருக்கோமே, அப்புறம் எப்படிம்மா வரும்?"

அந்த நிரலில் அவர் தம் கைப்பட எழுதிய வரி அது ஒன்றுதான். அதில் மட்டும் ஒரு பிழைகூட இல்லை.