பாசியம்மா வீட்டுக் கூரை மேல் ரிக் வண்டி

பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர்கள் கதையைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் வைத்துவிட வேண்டும். மேகத்துக்கு மேலே, ஏழு கடல் தாண்டி, அந்த மாதிரி. அங்கே போய் யாரும் விசாரிக்க மாட்டார்கள். நான் என் கதையை மண்ணுக்கு அடியில் வைத்தேன். என் பிழைப்போ மண்ணில் ஓட்டை போடுவது. ("உனக்கு வேற எடமே கெடைக்கலையாடா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் இன்றும் கேட்கிறார்கள். அன்றைக்குக் கிடைக்கவில்லை.)

நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் ஒன்பதாம் வகுப்பைப் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருந்துதான் படித்தேன். கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன், கடைசியில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏறினேன். ஏறியவன் இறங்கவில்லை. சத்தீஸ்கர், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று வண்டி போகும் இடமெல்லாம் போனேன். வெயிலில் துளை போடும் இரும்பு ராடு மாட்டுவோம், லாரிக்கு அடியில் படுப்போம், ஸ்டவ்வில் சோறு பொங்கித் தின்போம். நாமக்கல் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இப்படித்தான், அதனால் இதைக் கஷ்டம் என்று சொல்வதில்லை. மழைக்காலத்தில் அங்கே ரிக் ஓடாது. அப்போது மட்டும் ஊருக்கு வருவோம்.

கஷ்டம் என்றால் ஒன்றுதான். என் மகள் யாழினிக்கு என்னை அடையாளம் தெரியாது.

குரல் நன்றாகத் தெரியும். போன் மணி அடித்தால் எங்கிருந்தாலும் ஓடி வருவாள். அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அரை மணி நேரம் பேசுவாள். (வீடியோவில் முகம் காட்டலாமே என்பீர்கள். நாங்கள் நிற்கும் இடங்களில் சிக்னலுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. என் முகம் கட்டம் கட்டமாக உடைந்துதான் அவளுக்குப் போய்ச் சேரும்.) ஆனால் நேரில் போய் நின்றால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விடுவாள். ஒருமுறை நான் பையோடு வாசலில் நிற்கிறேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் மனைவி கோமதியிடம் சொன்னாள்: "அம்மா, அப்பாவுக்குப் போன் போடுங்க. ஊட்டுக்கு யாரோ வந்திருக்காங்கன்னு சொல்லோணும்."

கோமதி சிரித்தாள். நானும் சிரித்தேன். பையைக் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

என் கதைக்குள் குள்ளர்கள் வந்தது அதற்கு அடுத்த வருடம். யாழினி ஒன்றாம் வகுப்பு. பள்ளியில் ஒரு படப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். இறக்கை வைத்த தேவதைகள் பூக்களுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், அடிபட்ட மரத்துக்கு மருந்து போடுவார்கள். அன்று சாயங்காலம் போனில் கேட்டாள்.

"ஏனுங்கப்பா, நீங்க இருக்கற ஊர்ல தேவதைங்க இருக்காங்களா?"

நான் சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு செடி இல்லை. ரிக் வண்டி இருந்தது, அதன் நிழலில் யாரோ ஒருவரின் ஆடு இருந்தது. பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

"எறக்க வெச்சவங்க இங்க இல்ல சாமி. மரமே இல்ல, அவங்க எங்க உக்காருவாங்க? இங்க இருக்கறது குள்ளருங்க. மண்ணுக்கடியில இருக்காங்க."

"எவ்ளோ ஒசரம்?"

"உன் மொழங்கை ஒசரம்."

"பேரு?"

பேர் வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிரே தண்ணீர் டிரம் பாசி பிடித்து நின்றது. "பாசியம்மா," என்றேன். "அவங்கதான் தலைவி. தலமுடி பச்சையா இருக்கும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. பாசியம்மாவின் ஆட்கள் குட்டிக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஒவ்வொரு மரத்து வேருக்கும் ஊற்றுவார்கள். வேர்தான் அவர்களுக்கு மாடிப்படி. மரத்தை வெட்டினால் படி இல்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்வார்கள். பிளாஸ்டிக் பையைக் கீழே போட்டால் அது அவர்கள் வீட்டுச் சன்னலை அடைத்துக்கொள்ளும். நாளுக்கு நாள் நான் ஜோராகச் சொன்னேன். அடுப்பு பற்றவைக்கிற ஆளே கரண்டியோடு வந்து நின்று கேட்க ஆரம்பித்தான்.

கோமதிதான் புகார் சொன்னாள். "ஏனுங்க, அவகிட்ட என்னத்தச் சொன்னீங்க? சோத்துல பாதிய வேப்பங்கன்னுக்குக் கீழ பொதைக்கறா. கேட்டா பாசியம்மாவுக்காமா. எறும்பு ஊட்டுக்குள்ள வந்துருச்சு."

எனக்குப் பெருமைதான். இன்னொரு பக்கம் ஒரு சின்ன சிக்கலும் இருந்தது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவள் கேட்டபோதெல்லாம், "தண்ணி வேலை சாமி" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதை வைத்து அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். குள்ளர்களிடம் போய்ப் பேசி, ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுப்பவர் தன் அப்பா. பள்ளியிலும் அப்படியே சொல்லியிருக்கிறாள். நான் திருத்தவில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

அந்த வருடம் மழைக்காலத்துக்கு ஊருக்கு வந்தபோது எங்கள் பக்கம் மழையே இல்லை, எருமப்பட்டியில் என் மாமனாரின் கிணறு வற்றிப்போயிருந்தது. தெரிந்தவரின் ரிக் ஒன்று சும்மா நின்றது. "நம்ம மாப்ளயே நின்னு போர் போட்டுக் குடுக்கட்டும்," என்று மாமனார் சொல்லிவிட்டார். அதுவரை அந்த வீட்டில் எனக்கு ஊர்சுற்றி என்றுதான் பெயர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். (ரிக் வேலைக்கு வெள்ளை உடுத்தியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) மாமனார் வீட்டார் முன்னால் நல்ல பெயர் எடுப்பது ஒரு பக்கம். உண்மையில் நான் நினைத்துக்கொண்டது வேறு. அப்பா தண்ணீர் வரவழைப்பதை யாழினி கண்ணால் பார்ப்பாள், பார்த்துவிட்டு என்னிடம் வந்துவிடுவாள். நான் வந்து சேர்ந்து நாலு நாள் ஆகியும் அவள் சேலைக்குப் பின்னால்தான் இருந்தாள்.

காலையில் வண்டி மாமனார் கடலை விதைத்திருந்த காட்டுக்குள் இறங்கியது. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்திருந்தார். புங்க மரத்துக்குப் பக்கத்தில் அவர் போனதும் தேங்காய் எழுந்து நின்றது. "கண்ணுக்குத் தெரியுதுங்க. ஆறாட்ட ஓடுது," என்றார். அங்கே குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் வெட்டினோம். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ரிக்கின் கம்பம் மெதுவாக மேலே எழுந்தது.

யாழினி அம்மாவைக் கேட்டது என் காதில் விழுந்தது. "அம்மா, அது எதுக்கு?"

"அத வெச்சுத்தான் அப்பா மண்ணுல ஓட்ட போடுவாங்க."

அவள் சேலையை விட்டாள். நேராக நடந்து வந்து குங்குமத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரிச்சு வா சாமி, பூச பண்ணியாச்சு," என்றார் மாமனார்.

"முடியாதுங்க அப்புச்சி. கீழ பாசியம்மா ஊடு இருக்குது."

மாமனார் முகம் மாறிவிட்டது. "பாசியம்மாளா? யாரு அது? நம்ம காட்டுல எவ ஊடு கட்டுனது?"

அடுத்த காட்டுக்குச் சொந்தக்காரர் அவருடைய தம்பி. வரப்புத் தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது, ரிக் வேடிக்கைக்காக வந்து வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அவர் ஆர்வமாக நாலடி முன்னால் வந்தார்.

யாழினி எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள். முழங்கை உயரம், பச்சை முடி, குட்டிக் குடம், வேர்ப் படிக்கட்டு. ஒன்றும் விடவில்லை. "எங்கப்பாதான் சொன்னாங்க," என்று முடித்தாள். இருந்த அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த வெள்ளை வேட்டி மட்டும் இல்லாதிருந்தால் எங்காவது ஒளிந்திருப்பேன்.

தேங்காய்க்காரர் உதவிக்கு வந்தார். "கீழ யாருமில்ல சாமி. தண்ணி மட்டுந்தான் இருக்குது."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சாமி."

"தண்ணி தெரிஞ்ச கண்ணுக்கு ஆளு தெரியலீங்களா?"

அவர் தேங்காயைப் பார்த்தார். அதை மெதுவாக மடியில் கட்டிக்கொண்டார்.

கதையில் மாட்டியதைக் கதையாலேயே எடுத்துவிடலாம் என்று நான் உட்கார்ந்தேன். "சாமி, அவங்ககிட்ட நேத்தே சொல்லிட்டேன். காலி பண்ணிட்டு அந்தப் பக்கத்துக் காட்டுக்குப் போயிட்டாங்க."

வரப்பிலிருந்து சின்ன மாமனார் குரல் கொடுத்தார். "அதான பாத்தேன். தண்ணி உங்களுக்கு, குடியிருக்க வர்றவங்க எனக்கா? நல்லா இருக்குதுங்க மாப்ள உங்க பஞ்சாயத்து." தம்பியோடு பேசாத மாமனார் அன்று அந்தச் சபதத்தையும் மறந்து, "அடேய், நீ வேற சும்மா இருடா," என்றார்.

யாழினி அசையவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தத் தடவை வந்ததிலிருந்து முதல் முறையாக. "நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க. சொல்லியிருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பீங்க," என்றாள். பிறகு மெதுவாக, "நீங்க எங்கப்பாதானா?" என்று கேட்டாள்.

ரிக் ஓட்டுகிறவர் என்ன நினைத்தாரோ, என்ஜினை நிறுத்திவிட்டார். காடு அமைதியாகிவிட்டது. ஓட்டைக்குள் இறக்குகிற கேசிங் பைப்பில் வெட்டிப் போட்ட துண்டு ஒன்று பக்கத்தில் கிடந்தது. நான் வெள்ளை வேட்டியோடு கடலைக் காட்டில் குப்புறப் படுத்தேன். பைப்பின் ஒரு முனையை மண்ணில் வைத்து மறுமுனையில் வாயை வைத்தேன்.

"அலோ. கேக்குதுங்களா? பாசியம்மா, கேக்குதுங்களா? நான் யாழினி அப்பா பேசறேனுங்க."

சிக்னல் இல்லாத இடத்தில் பேசிப் பழகிய சத்தம் அது. பைப்புக்குள் போய்க் கரகரவென்று திரும்பியது. எங்கோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். எப்படியோ தொடங்கியாயிற்று என்று பாசியம்மாவின் கீச்சுக் குரலிலும் நானே பதில் சொன்னேன். "கேக்குது, கேக்குது. காலங்காத்தால என்னப்பா மேல இத்தன சத்தம்?"

முதுகில் ஒரு கை பட்டது. யாழினி வந்து என் பக்கத்தில் அதே மாதிரி குப்புறப் படுத்தாள். பைப்பில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பா," என்றாள். போனில் கூப்பிடுகிற அதே மாதிரி. என் தோளில் அவள் தோள் இடித்தது. சுற்றி நின்ற சொந்தபந்தம் எல்லாம் எனக்கு அப்போது எங்கேயோ தூரத்தில் இருந்தது.

"இங்க ஓட்ட போட்டா படிக்கட்டு ஒடையுமான்னு கேளுங்கப்பா."

நான் கேட்டிருக்க வேண்டியதில்லை. ஒடையாது என்று பாசியம்மா குரலில் சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் அந்தத் தோள் அங்கேயே இருந்தது, எனக்குப் பொய் வரவில்லை. அதாவது, வேறு பொய் வரவில்லை. "ஒடையும் சாமி. மரத்தவிட்டுத் தள்ளிப் போடச் சொல்லு," என்றாள் பாசியம்மா.

"ஏனுங்க மாப்ள, நீங்களுமா?" என்றார் மாமனார்.

வண்டியை நகர்த்தினோம். காய் பிடித்திருந்த கடலைச் செடிகளை ரிக்கின் சக்கரங்கள் மிதித்துக்கொண்டு போவதை எல்லோரும் பார்த்தார்கள். தள்ளிப்போய்ப் போட்டோம். பாறை பொடிந்து புகை வந்தது. ராடு மேல் ராடு இறக்கினோம். வெள்ளைப் புகையாக வந்தது, பிறகு சாம்பல் புகையாக வந்தது, ஈரம் மட்டும் வரவில்லை. அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தவர் தேங்காய்க்காரர் ஒருவர்தான். "நான் காட்டுன எடம் இதில்லீங்க," என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுத் தேங்காயோடு கிளம்பினார். மாமனார், "போதும், நிறுத்துங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அதன் பிறகு புங்க மரத்தடியில் போடுகிற பேச்சை அவரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் நானும் யாழினியும் மண் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தோம். இருவரும் ஒரே சாம்பல் நிறம்.

"தண்ணி ஏனுங்கப்பா வரல?"

"அவங்க கீழ போயிட்டாங்க சாமி. இன்னுங் கீழ."

"ஏன்?"

"மேல ஓட்ட அதிகமாயிருச்சு."

"யாரு போட்டது?"

"அப்பா மாதிரி ஆளுங்க."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள். "அதனாலதான் அவங்களத் தேடி நீங்க தூரமா தூரமா போறீங்களா?"

"ஆமா சாமி."

"தொரத்தாதீங்கப்பா. நீங்க தொரத்தலைன்னா அவங்களும் ஓட மாட்டாங்க, நீங்களும் ஊட்டுலயே இருக்கலாம்."

இவ்வளவு சரியாக என் தொழிலை யாரும் எனக்கு விளக்கியதில்லை. வெயில் சாய்ந்து புங்க மரத்தின் நிழல் எங்கள் மேல் வந்தது. அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். வீட்டிலிருந்து கோமதி கூப்பிட்டாள், நாங்கள் இருவருமே எழவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் வண்டி கிளம்பியது. நானும் போனேன். போகாமல் என்ன செய்வது.

யாழினி இப்போது எட்டாம் வகுப்பு. போனில் கதை கேட்பதில்லை, "அம்மாகிட்ட குடுக்கறேங்கப்பா" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறாள். கதைக்கு ஆள் இல்லாமல் எனக்குத்தான் சாயங்காலங்கள் நீளமாக இருக்கின்றன. மாமனாரும் அவர் தம்பியும் அன்று பேச ஆரம்பித்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. எந்த விசேஷத்தில் கூடினாலும் யாராவது ஒருவர், "மாப்ள, கீழ ஆளிருக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க," என்று ஆரம்பித்துவிடுவார்கள். சின்ன மாமனார் தன் காட்டில் குடிவந்தவர்களிடம் வாடகை கேட்பார். யாழினியே எழுந்து, சுருட்டிய பாயை வாயில் வைத்துக்கொண்டு, "அலோ, கேக்குதுங்களா?" என்று என்னைப் போலவே கரகரப்பாகக் கூப்பிட்டுக் காட்டுவாள். வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரிப்பு அடங்கியதும் யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்பார்கள்: "அப்பறம் மாப்ள, எப்ப வண்டி ஏறறீங்க?"

நாளைக்கு என்பேன். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும்.