சாம்பிள் அண்ணன் பனி பார்க்கப் போனது

இந்த உலகத்தில் சாம்பிள் அண்ணன் சாம்பிள் பார்க்காமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், அவர் பிறந்ததுதான். மற்ற எல்லாவற்றையும் தொட்டு, முகர்ந்து, கொஞ்சம் தின்று பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொண்டார்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் எனக்கு எதிர் வீடு அவருடையது. பழக்கடைக்காரர் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே ஒரு மாம்பழத்தை அறுத்து வைத்துவிடுவார். இல்லாவிட்டால் அண்ணன் அமுக்கியே நாலு பழத்தைக் கூழாக்கிவிடுவார். சலூனில் முதலில் ஒரு பக்கம் மட்டும் வெட்டச் சொல்வார். கண்ணாடியில் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகே மறுபக்கத்துக்கு அனுமதி. ஒருமுறை திருப்திப்படாமல் எழுந்து, பாதித் தலையோடு டவுன் பஸ் ஏறிக் கோட்டையூரில் வேறு சலூனுக்குப் போனார். அந்த பஸ்ஸில் நானும் இருந்தேன். யாரோ எவரோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கும் இதே கூத்துதான். பெண் பார்க்கப் போன இடத்தில் பலகாரம் சாப்பிட்டுவிட்டு, முடிவு சொல்லாமல் இன்னும் இரண்டு தடவை பலகாரம் சாப்பிடப் போனாராம். மூன்றாவது தடவை மணப்பெண்ணே கூடத்துக்கு வந்து, இதற்கு மேல் வேண்டுமென்றால் தாலியைக் கட்டிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர்தான் இன்றைய தெய்வானை ஆச்சி. இதை எனக்குச் சொன்னதும் ஆச்சியேதான்.

இவர்களுக்கு ஒரே மகன், கனடாவில். அங்கே ஒரு பேத்தி பிறந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டாள். எல்லாமே செல்போன் திரையில் பார்த்ததுதான். மகன் வருந்தி வருந்தி அழைத்தும் அண்ணன் அசையவில்லை. அங்குட்டு இருக்கிற பனி நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாமல் எப்படிப் போவது என்பார். தான் மட்டும் போய் வருவதாக ஆச்சி சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது மனிதருக்கு. ஆச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் மடக்கினார்.

"சாம்பிள் பாக்காம வர மாட்டீக, அம்புட்டுத்தானே? நம்ம நாட்டுலயே வடக்க பனி கொட்டிக் கெடக்கு. வாங்க, அதப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

தன் கொள்கையே தன்னைக் கட்டிப்போட்ட அந்த நேரத்தில் அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பனிச்சறுக்கு நடக்கிற மூன்று இடங்கள் என்று பேசி முடித்தார்கள். நார்கண்டா, மணாலிக்கு மேலே சோலாங், கடைசியாக அவுலி. மூன்றையும் தாங்கினால் கனடா. தாங்காவிட்டால் ஆச்சி இனிமேல் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. பயணம் காரில்தான் என்பதில் அண்ணன் உறுதியாக இருந்தார். விமானத்தில் போனால் குளிர் மொத்தமாக மேலே வந்து விழும், காரில் போனால் ஊர் ஊராகப் பழகும் என்பது அவருடைய விஞ்ஞானம். நான் பம்பாயில் வேலை பார்த்தவன், இந்தி பேசுவேன், காரும் ஓட்டுவேன் என்பதால் என்னையும் தேன்குழல் டின்களோடு சேர்த்து ஏற்றிக்கொண்டார்கள்.

தை மாதத்தில் கிளம்பினோம். வழியெல்லாம் ரோட்டோர ஓட்டல்களில் பாதிச் சப்பாத்தி கேட்டு வாங்கித் தின்று பார்த்துவிட்டு, "வேற எடம் பாப்பம்" என்று எழுந்தார். அவருக்காக மன்னிப்புக் கேட்டே என் இந்தி மெருகேறியது. டெல்லி தாண்டியதும் ஒவ்வொரு ஊரிலும் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டி, குளிர் பரவாயில்லை என்று ஆச்சிக்குக் கேட்காத மாதிரி என்னிடம் சொல்வார்.

நார்கண்டாவில் பனியைக் கண்டதும் ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார். அண்ணன் ஒரு விரலால் கிள்ளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பே இல்லையே" என்றார். முதல் பரீட்சையில் அப்படித்தான் பாஸானார்.

சோலாங்கில் வந்தது வினை. நாங்கள் போன மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் அண்ணன் ஒரு வாரமும் இருந்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே மரமெல்லாம் வெள்ளையாக உறைந்து நிற்கிறது. இவர் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய, துண்டோடு வராந்தாவில் உலாத்துகிறார். லாட்ஜ் மேனேஜர் பதறிப்போய், இவருக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார். ஊறவைக்கிறோம் என்றா சொல்ல முடியும்? வேண்டுதல் என்று சொல்லிவிட்டேன். அவர் பயபக்தியோடு இன்னொரு வாளி வெந்நீர் அனுப்பினார்.

மதியமே காய்ச்சல். பல் தந்தியடிக்கிறது, மேலே மூன்று ரஜாய்ப் போர்வை. ஆனால் முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களை.

"பாத்தியா தெய்வானை, ஒத்துக்கல."

"காச்சல் பனியில வரல. நல்லெண்ணெயில வந்துச்சு" என்றார் ஆச்சி.

அவ்வளவுதான், பேச்சு முறிந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் கோபம் விடவில்லை. அங்கிருந்து அவுலி வரைக்கும் மலை மலையாக வளைந்து போகிற ரோட்டில் இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள். ஆச்சிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கச் சொல்வார். கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொள்ளச் சொல் என்று பின்சீட்டிலிருந்து பதில் வரும். நடுவில் நான் ஒருவன் வண்டியும் ஓட்ட வேண்டும்.

அவுலியில் ஆச்சி கண்டாங்கிச் சேலைக்கு மேல் வாடகைக் கோட்டை மாட்டிக்கொண்டு, காலில் பலகைகளைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டார். பயிற்சி கொடுப்பவர் கையைப் பிடித்திருந்தும் பத்தடிக்கு ஒருமுறை விழுந்தார். விழுந்த இடத்தில் உட்கார்ந்து சிரித்தார். மருமகன் வயசுப் பையன்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து ஆச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அதுதான் காய்ச்சல் போய்விட்டதே, நிஜமாகவே குளிருக்குத்தான் பயப்படுறீகளா அண்ணே என்று கேட்டுவிட்டேன்.

அண்ணன் ஆச்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"குளிரு கெடக்கு தம்பி. அம்புட்டுத் தூரம் போயி நிக்கிறேன். அந்தப் புள்ள என்னையப் பாத்துப் பயந்து, அழுதுட்டு உள்ள ஓடிருச்சுன்னா? இதுக்கு எங்குட்டுப் போயிச் சாம்பிள் பாக்குறது?"

இத்தனை வருஷம் நாங்கள் கேலி பண்ணிய மனிதர் கண்ணைத் துடைக்கக் கையுறையைக் கழற்றத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

பின்னால் ஆச்சி நின்றிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. சேலையெல்லாம் பனி. சண்டைக்கு அப்புறம் முதல்முறையாக அவரிடம் நேராகப் பேசினார்.

"அழுதா அழுதுட்டுப் போகுது. நீங்க மதுரையில கடையில இருந்தப்ப வாரத்துக்கு ஒருக்கா வருவீக. நம்ம மகன் உங்களக் கண்டாலே கத்துவான். அதுக்காக வராம இருந்தீகளா? வந்துக்கிட்டேதானே இருந்தீக."

அண்ணன் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். ஆச்சி உட்கார்ந்தார். அவர் சேலையிலிருந்த பனியை அண்ணன் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டே, "போவம்" என்றார்.

இப்போது இருவரும் கனடாவில்தான் இருக்கிறார்கள். பயந்தது போலவே அந்தக் குழந்தை முதல் வாரம் முழுக்க அவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறது. அண்ணன் தினமும் ஹாலில் எதிரே போய் உட்கார்ந்திருக்கிறார், அதுவாக வரும் வரைக்கும்.

நேற்று போன் பண்ணினார். குரல் கிசுகிசுவென்று வந்தது. என்ன அண்ணே, தொண்டை கட்டிக்கொண்டதா என்றேன். பேத்தி நெஞ்சில் படுத்துத் தூங்குகிறாளாம், சத்தமாகப் பேச முடியாதாம். கோடை முடிந்துதான் ஊர் திரும்புவதாக இருக்கிறார்களாம். நல்லது அண்ணே, இருந்துவிட்டு வாங்க என்றேன். எதிர் வீட்டுக் கதவு பூட்டிக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது, சீக்கிரம் வந்து சேருங்கள் என்று கொஞ்சம் சத்தம் போட்டிருக்கலாம். குழந்தை முழித்துக்கொள்ளுமே என்று விட்டுவிட்டேன்.