ஏப்ரல் பனிப்புயல் குறித்துச் சம்மந்திக்கு ஒரு மறுப்பு

ஸ்காபரோ,
ஏப்ரல் 1997, வியாழக்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்மந்தியார் கோணேஸ்வரன் அவர்களுக்கு,

இங்கே நானும் குணவதியும் சுகம். அங்கே நீங்களும் சம்மந்தியம்மா இராசமணியும் மருமகன் ராகுலனும் சுகமாக இருக்கவேண்டும் என்று எழுதுவது முறை. முறையை நான் என்றைக்கும் விட்டதில்லை, ஆகவே எழுதிவிட்டேன். என் மகள் மயூரியின் சுகத்தை மட்டும் உங்களிடம் விசாரிக்கமாட்டேன். நிறைமாதமாக இருக்கிற பிள்ளையின் சுகத்தைப் பெற்ற தகப்பன் விட்பியில் இருக்கிற இன்னொரு வீட்டாரிடம் விசாரிக்கவேண்டிய நிலைமை எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே. தொலைபேசியில் கதைத்திருக்கலாம்தான். ஆனால் அதில் நீங்கள் இடையில் புகுந்து காற்றழுத்தத்தைப் பற்றித் தொடங்கிவிடுவீர்கள். கடிதத்துக்குள் உங்களால் புகமுடியாது.

முதற்பிள்ளைப் பேறு பெண்ணின் தாய்வீட்டில்தான் என்பது யாழ்ப்பாணத்து வழக்கம் மட்டுமல்ல, உங்கள் திருகோணமலையிலும் அதுதான் வழக்கம் என்பதை நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதன்படி நாள் பார்த்து, வருகிற சனிக்கிழமை நாங்கள் வந்து மயூரியைக் கூட்டிவருவதென்று பேசி முடித்தோம். நீங்களும் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலை நம்பிக் குணவதி அறையை ஒழித்து, புதுத் திரைச்சேலை போட்டு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்கை வறுக்கத் தொடங்க, மல்லியும் மிளகும் கிளப்பிய புகையில் நெருப்பு மணி அடித்து, எங்கள் கட்டடத்தில் இருக்கிற அத்தனை சனமும் இரவு உடுப்போடு கீழே இறங்கி நின்றது. அவ்வளவு அவமானத்தையும் மகளுக்காகத்தானே என்று தாங்கிக்கொண்டு நிற்கிற எங்களுக்கு, போன ஞாயிற்றுக்கிழமை வானிலை ஆர்வலர் வட்டத்தின் கூட்டத்தில் நீங்கள் செய்தது சரியா என்று உங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

வட்டத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் கோபத்தில் சொல்லத்தான் வருகிறது. இந்த நாட்டில் கதைக்க வேறொன்றும் இல்லாதவர்கள்தான் வெதரைப் பற்றிக் கதைப்பார்கள். அதை நாங்கள் ஒரு ஒழுங்கோடு கதைக்கவேண்டும் என்றுதான் வட்டத்தைத் தொடங்கினோம். ரொறன்ரோவில் இதுவரை இரண்டாக உடையாத ஒரே தமிழ் அமைப்பு என்று எங்களுக்கு ஒரு பெயரும் உண்டு. உடைவதற்கு வேண்டிய அளவு ஆட்கள் எங்களிடம் இல்லை என்பது வேறு விஷயம். அந்தக் கோப்பிக்கடை மேசையில் மேகத்தைப் பற்றிச் சண்டைபிடித்துப் பழகித்தான் நாங்கள் இருவரும் சம்பந்தமே செய்துகொண்டோம். அப்படிப்பட்ட மேசையில், எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்தன்று கொட்டிய அந்த ஏப்ரல் பனிப்புயலை நினைவுகூர இரண்டாம் ஆண்டு நிகழ்வு வைப்போம் என்று செயலாளர் அருள்நாயகம் சொன்னபோது, முதலில் கை உயர்த்தியவன் நான். எனக்கு அன்றைக்கே புத்தி வேலை செய்திருக்கவேண்டும்.

அருள்நாயகம் ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று நடத்தி நடத்தி வாய் பழகிப்போன மனிதர். கோப்பிக்கடை மேசையிலே குத்துவிளக்கை வைத்து ஏற்றினார், கடைப்பெண் ஓடிவந்து ஊதி அணைத்தாள். அது போகட்டும். அடுத்ததாகத் தாளைப் பார்க்காமலே, இப்போது ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று அறிவித்துவிட்டார். எல்லாரும் எழுந்து தலைகுனிந்து நின்றோம். பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரர்கூடத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். திரும்பக் கதிரையில் இருந்த பிறகுதான் பார்க்டேலில் இருந்து வந்த யோசப், ஆருக்கு அஞ்சலி என்று மெல்லக் கேட்டார். அருள்நாயகம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு முழிக்க, நீங்கள் சொன்னீர்கள்:

"ஆருக்கெண்டு கேக்கிறியள். எங்கடை சம்மந்தியின்ரை வெதர் அறிவிப்புக்குத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்மந்தி ஒரு பகிடி விட்டால் சிரிக்கவேண்டியது பெண் வீட்டாரின் கடமை. அதற்காக ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்கவேண்டாம். அதற்குப் பிறகு நீங்கள் எழுந்து ஆற்றிய நினைவுரையில் ஒரு வசனம்கூட உண்மை இல்லை என்பதால், அதற்கு மறுப்பை இங்கே எழுதுகிறேன்.

பனிக்காலம் முடிந்துவிட்டது, இனி ஒரு துளி விழாது என்று நான் கல்யாணத்துக்கு முந்தின கிழமை வட்டத்தில் சொன்னது உண்மை. என் பேச்சைக் கேட்டு எல்லாரும் காரின் குளிர்கால ரயரைக் கழற்றினார்கள் என்பதும் உண்மை. ஆனால் நான் சும்மா சொல்லவில்லை. பல்கனிக்குக் குருவி வந்திருந்தது, அணில்கள் மெலிந்து திரிந்தன, குணவதியின் இடுப்பு நோ சுகமாகியிருந்தது. இதற்குமேல் ஒரு மனிதன் என்ன ஆதாரம் தேடுவான்? நீங்களோ, கொட்டப்போகிறது என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்றும், பெண் வீட்டாரின் மனம் நோகக்கூடாது என்று வாயைத் திறக்காமல் இருந்ததாகவும் சொன்னீர்கள். அப்படித் தெரிந்திருந்தால், சம்மந்தியார் அவர்களே, அன்றைக்கு ஏன் பட்டுவேட்டியும் தோல் செருப்புமாகப் புறப்பட்டு வந்தீர்கள்? நீங்கள் மட்டும் ரயரைக் கழற்றவில்லை என்று மார்தட்டினீர்களே, பிறகு ஏன் இழுவை லொறியில் வந்து இறங்கினீர்கள்?

அன்று காலை நடந்ததை நீங்கள் கண்டீர்களா? நீங்கள்தான் 401 நெடுஞ்சாலையில் கிடந்தீர்களே. கண்டவன் நான். விடியக் காலையில் நாங்கள் மண்டபத்துக்குப் போகும்போது வானம் வெறும் சாம்பல் நிறமாகத்தான் இருந்தது. மேளகாரர் வந்துவிட்டார்கள், ஐயர் வந்துவிட்டார், மணவறைக்குப் பூக் கட்டி முடிய, ஆரோ பஞ்சுத் தலையணையைக் கிழித்துக் கொட்டினமாதிரித் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மண்டபக் கதவைத் திறக்க இரண்டு பேர் தள்ளவேண்டியிருந்தது. சாப்பாடு வரவில்லை, சனம் வரவில்லை, மாப்பிள்ளையும் வரவில்லை. மேளகாரர் தங்களைவிடக் குறைந்த ஆட்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். கூறைச் சேலைக்குக் காத்திருந்த மயூரி, என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நாளைக் குறித்தவன் நான், பனி விழாது என்றவனும் நான். ஐயருக்குப் பிறம்ரனில் இன்னொரு கல்யாணம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, முகூர்த்தம் தவறிவிட்டது, இனி வேறு நாள்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லிப் பையைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, முதல்நாள் இரவுதான் இந்த நாட்டு வழக்கப்படி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தோம். முகூர்த்தம் குறித்ததோ அதற்கு முன்னாலே, பழைய நேரக் கணக்கில். நான் ஐயரின் பையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "ஐயா, மணிக்கூட்டை மாத்தினது கனடா அரசாங்கம். சூரியன் மாத்தேல்லை. உங்கடை முகூர்த்தம் இப்பத்தான் தொடங்குது." ஐயர் பஞ்சாங்கத்தை விரித்தார், மூடினார், வெளியே சூரியனைப் பார்க்கப் போனார், அங்கே சூரியன் இல்லை. திரும்பி வந்து ஒரு தேத்தண்ணி கேட்டார். தேத்தண்ணி கேட்டால் சம்மதம் என்று நான் விளங்கிக்கொண்டேன். இதை ஐயர்தான் கண்டுபிடித்தார் என்று நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வாய்கூசாமல் சொன்னபோது, எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்கலாம்போல இருந்தது. மேசை நிலத்தோடு பூட்டியிருந்தது.

அந்த மணித்தியாலத்துக்குள்தான் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். என்ன கோலம் அது. இழுவை லொறியின் முன் சீட்டில் சாரதி, அவருக்குப் பக்கத்தில் தலைப்பாகை கூரையில் இடிக்காமல் கூனிக்கொண்டு மாப்பிள்ளை, அவருக்குப் பக்கத்தில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள். பின்னாலே பூமாலை போட்ட உங்கள் கார் கொழுக்கியில் தொங்கிக்கொண்டு வந்தது. மேளகாரர் லொறியைக் கண்டதும் கெட்டிமேளம் தட்ட, தனக்குத்தான் வரவேற்பு என்று நினைத்து அந்தச் சாரதி கோர்ன் அடித்தார். குணவதி பதற்றத்தில் அவருக்கும் சேர்த்தே ஆலாத்தி எடுத்தாள். பிறகு அவர் மண்டபத்துக்குள்ளே வந்து, முன்வரிசையில் இருந்து, கல்யாணம் முடியும்வரை எழும்பவில்லை. அன்றைக்கு எங்களுக்கு முன்வரிசையில் ஆளும் தேவைப்பட்டது.

மாப்பிள்ளையின் காலைத் தேநீர் ஊற்றிக் கழுவினோம் என்று நீங்கள் பகிரங்கமாகச் சொன்னதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ராகுலனின் கால் நீலமாகிக் கிடந்தது, பச்சைத்தண்ணியை ஊற்றினால் பொடியனுக்கு வலிப்பு வந்துவிடும் என்று பயந்து, தேநீர்ப் பாத்திரத்தில் இருந்த வெந்நீரை விளாவி ஊற்றினோம். அது வெந்நீர். அதற்குள்ளே ஒரு தேயிலைப் பை கிடந்தது, அவ்வளவுதான். பனி முழங்கால் அளவு என்று சொன்னீர்களே, அதிலும் எனக்கு மறுப்பு உண்டு. உங்கள் முழங்கால் எனக்கு இடுப்பு. வட்டத்தின் பதிவுக்கு யாருடைய முழங்கால் என்று முதலில் தீர்மானிக்கவேண்டும்.

எப்படியோ, குறித்த முகூர்த்தத்தில் தாலி ஏறியது. ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை. அதைச் சொல்லி நன்றாக உரையை முடித்திருக்கலாம். ஆனால் நீங்கள் கடைசியாக என்ன சொன்னீர்கள்? சிரிக்காமல், என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"ஏப்ரலிலை வெதரை நம்பேலாது அண்ணை. 401 பூட்டினா என்ன செய்யிறது? ஆஸ்பத்திரி எங்கடை வீட்டுக்கு முன்னாலை கிடக்கு. என்ரை மருமகளை நான் நடுறோட்டிலை பிள்ளை பெறவிடமாட்டன். அவ எங்களோடைதான் நிப்பா."

உங்கள் மருமகள். அவள் உங்களுக்கு இரண்டு வருடமாகத்தான் மருமகள், எனக்குப் பிறந்த நாளிலிருந்து மகள். இருபத்தைந்து வருடம் வளர்த்தவனுக்கு இல்லாத அக்கறையா உங்களுக்கு? சந்தோசமாக இருக்கவேண்டிய நேரத்தில் ஒரு பழைய பனிப்புயலைக் கிளறி எடுத்து, அதைச் சாட்டாக வைத்து, என் பிள்ளையை என்னிடம் தரமாட்டேன் என்றால் அதற்கு என்ன பெயர்? இந்த வருடம் பனி முடிந்துவிட்டது. நான் அதை எழுத்தில் தருகிறேன். எங்கள் கறிவேப்பிலைக் கன்றை நேற்றுப் பல்கனியில் வைத்துவிட்டேன். இந்த நகரத்தில் ஒரு தமிழன் கறிவேப்பிலையை வெளியே வைப்பதென்றால் அவனுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பனி அள்ளும் சவளையும் தேவையில்லை என்று கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். அவளுக்கு நோ வரும்போது பக்கத்தில் தாய் நிற்கவேண்டும், வெளியே ஆஸ்பத்திரி நடையில் நான் நிற்கவேண்டும். பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தரும்போது என் கையில் தரவேண்டும். கல்யாணத்தன்று அவள் தலைகுனிந்து இருந்ததைப் பார்த்த நாளிலிருந்து, அவளுக்கு ஒரு காரியத்தையாவது பிழையில்லாமல் செய்து முடிக்கவேண்டும் என்று காத்திருக்கிறேன். அதையும் நீங்கள் பறித்தால் எனக்கு ஆறாது.

ஆகவே சனிக்கிழமை காலை வருவோம். அவளின் பெட்டி வாசலில் இருக்கவேண்டும். இல்லையென்றால், வட்டத்திலிருந்து அன்றைக்கே விலகுவேன், உங்கள் வீட்டு வாசற்படி இனி மிதிக்கமாட்டேன், தீபாவளிக்கு நீங்கள் தந்த வெப்பமானியை வேறொரு பொதியில் திருப்பி அனுப்புவேன். அது எப்படியும் இரண்டு பாகை கூட்டித்தான் காட்டுகிறது.

சம்மந்தியம்மாவுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள், அவவோடு எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. உங்களுக்கு எல்லாம்வல்ல இறைவன் நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும். ஆயுள் ஆறுதலாக வரட்டும், புத்தி சனிக்கிழமைக்கு முன் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கோபத்திலும் மரியாதை தவறாத
சண்முகநாதன்

பி.கு.: கையெழுத்துப் போட்டுவிட்டு முத்திரை ஒட்ட எழும்ப, மருமகன் போன் எடுத்தார். மயூரிக்கு நோ தொடங்கிவிட்டதாம், உங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கிற அந்த ஆஸ்பத்திரிக்கு நடத்தியே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டாராம், சம்மந்தியம்மா பக்கத்தில் நிற்கிறாவாம், நீங்கள் வெளியே நடையில் நிற்கிறீர்களாம். திரைச்சேலையை விலக்கிப் பார்த்தேன். கொட்டுகிறது. எதிர்க் கட்டடம் தெரியவில்லை. 401 பூட்டு என்று ரேடியோ சொல்கிறது. விட்பிக்கு வருகிற கோ ரெயின் வண்டி மட்டும் ஓடுகிறதாம். குணவதி வறுத்த சரக்கையும் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். ரெயினில்தான் வருகிறோம், பிறப்புத் துடக்குக் கழியும்வரை உங்கள் வீட்டில்தான் தங்குவோம். தபாலில் போட்டால் பிந்தும் என்பதால் இந்தக் கடிதத்தையும் கையிலேயே கொண்டுவருகிறேன், பிள்ளையைப் பார்த்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள். ஸ்ரேசனுக்கு எங்களைக் கூட்டிப்போக வரவேண்டாம் என்று இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து உங்களுக்குச் சொல்லப்போகிறேன். நாங்கள் நடந்தாவது வந்துவிடுவோம். அதோடு இதையும் சொல்லப்போகிறேன்: நீங்கள் அந்த ஆஸ்பத்திரி நடையை விட்டு அசையவேண்டாம். ரெயின் பிந்திப் பிள்ளை முந்தினால், கொண்டுவந்து தரும்போது வாங்க அங்கே ஒரு பெரிய மனிதர் நிற்கவேண்டும். நீங்களே முதலில் தூக்குங்கள். தலையைப் பார்த்துப் பிடியுங்கள்.