கறள் மாஸ்டரின் அமெரிக்கச் சென்ட்

காசு சேர்க்கிறவர்களைக் கண்டிருப்பீர்கள். காசு கறள் பிடித்து, துருவேறிக் கெட்டுப்போவதை வாய் பிளந்து ரசித்த ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் கறள் மாஸ்டர்தான்.

யுத்த காலம். வெள்ளவத்தையில், கடலோரத்து லொட்ஜ் ஒன்றில், விசாவுக்காகக் காத்துக் கிடந்தோம். மற்றவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து சொக்லேட் வரும். மாஸ்டருக்கு அமெரிக்க மகள் ஒரு சென்ட் நாணயக் குற்றிகளாக அனுப்புவாள்.

"வெளியில செம்புப் பூச்சு, உள்ளுக்குள்ள துத்தநாகம், தம்பி. பூச்சு இருக்கும்வரை துரை. ஒரு கீறல் விழட்டும், ஆள் முடிஞ்சுது!"

கீறலையும் அவரே அரத்தால் போட்டு, ஜன்னல் விளிம்பில் உப்புக்காற்றுக்கு வைப்பார். குற்றி வெள்ளையாய்ப் பூத்துக் கொப்புளித்ததும், பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்ததுபோல அறை அறையாகக் கொண்டுபோய்க் காட்டுவார். பொறுமை போனால் வினாகிரிக் கிளாசில் போடுவார். குமிழி குமிழியாய்க் கிளம்பும்.

அப்படிக் குமிழி கிளம்பிய ஒரு காலையில், படிகளில் பூட்ஸ் சத்தம். செக்கிங்!

தமிழர் அறை, மேசையில் நுரைக்கும் கிளாஸ். குண்டுக்கு மருந்து கலக்கிறோம் என்பார்கள். எனக்குத் தூக்குக்கயிறே தெரிந்தது. மாஸ்டர் நிதானமாக ஐடென்டிட்டி கார்டைத் தேடினார். நான் அவரைவிடக் கெட்டிக்காரன். வினாகிரியை ஜன்னலால் ஊற்றினேன். மிஞ்சிய சென்ட்டை வாய்க்குள் ஒளித்தேன்.

பொலிஸ்காரர் நேரே என்னிடம் வந்தார். "நம மொகத?"

பெயர் சொல்ல வாய் வேண்டுமே. விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

அவர் ஜன்னல் விளிம்பில் கிடந்த குற்றிகளைப் பார்த்தார். சிரித்தார். தன் மகனுக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

"மாஸ்டர், கிளாசில கிடந்ததை விழுங்கிட்டன்."

"கீறினதையோ? அறுவானே, வயித்துக்குள்ள இருக்கிறது வினாகிரியைவிடப் பொல்லாத அசிட்டடா!" அவர் என்னை 'டா' போட்டது அன்றுதான்.

த்ரீவீலரில் பொரளைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். சென்ட்ரிப் பொயின்டில் மறித்த ஆமிக்காரப் பொடியனிடம் மாஸ்டர் பாதிச் சிங்களத்தில் அவசரம் சொல்லிக் கும்பிட்டார்: "மல்லி, இக்மனட்ட! இவனுக்கு உள்ளுக்குள்ள கறள் பிடிக்குது!" விளங்கியதோ இல்லையோ, அவன் பயந்து வழிவிட்டான்.

டொக்டர் குழாய்விட்டு எடுத்த சென்ட், எலி கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது. வேறு நாளென்றால் மாஸ்டர் துள்ளிக் குதித்திருப்பார். அன்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எறியுங்கோ டொக்டர். எனக்குப் பார்க்க ஏலாது."

மறுநாள் ஜன்னல் விளிம்பு வெறுமையாக இருந்தது. புத்தம்புதுச் சென்ட் ஒன்றை என் கையில் வைத்தார்.

"கீறவும் வேண்டாம், விழுங்கவும் வேண்டாம்."

இன்றும் அது என்னிடம்தான். திறப்புக் கோர்வையின் சாவிகள் பட்டுக் கீறிவிடும் என்று, பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்.